புளி போட்டுத் தேய்த்த பிஸ்டல்

ஆயுத பூஜையன்று காலையில் பங்களாவின் பின்கட்டில் இருந்தவர்கள் மூன்று பேர்: அப்பா, அம்மா, அம்மாவின் அண்ணனான என் மாமா. இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் பங்களாவின் தொரை. மைத்துனர் கல்யாணத்துக்காக மதராஸ் போயிருந்தார். திரும்பிவர இன்னும் பதினான்கு நாள் இருந்தது. இன்னொருவன் நான். பொரியும் பூசணிக்காயும் வாங்க ராபர்ட்சன்பேட்டைக்குப் போயிருந்தேன். அந்த ஒன்றரை மணி நேரம் நான் வீட்டில் இருந்திருந்தால் இதை எழுதும் வேலையே எனக்கு வந்திருக்காது. அம்மாவிடம் இதை எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். "அப்ப நீ ஊட்ல இருந்துக்கினு உங்க நைனாவ பொரி வாங்க அனுப்பியிருக்கறதுதானே?" என்பாள்.

அப்பா சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் அந்த பங்களாவின் பட்லர். பங்களாவுக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைதான் எங்கள் வீடு. வெள்ளைக்காரர்கள் போய், சுரங்கம் சர்க்கார் கைக்கு வந்து, நம் ஊர் இன்ஜினியர்கள் பங்களாக்களில் குடியேறிய பிறகும் தொரை என்ற சொல் மட்டும் போகவில்லை. எங்கள் தொரை மதராஸ்காரர், தமிழ்தான் பேசுவார். அவருக்கு முன்னால் அங்கே இருந்த வெள்ளைக்காரர் கப்பலேறும்போது ஒரு பழைய பிஸ்டலை அவருக்கு முறைப்படி விற்றுவிட்டுப் போயிருந்தார். லைசென்ஸ் தொரை பேரில் இருந்தது. தோட்டாக்களை ஆபீஸ் பெட்டகத்தில் வைத்துவிட்டு வெறும் பிஸ்டலை மட்டும் பீரோவில் வைத்திருந்தார். பீரோ சாவி அப்பாவிடம்.

பிஸ்டலின் நிறம் கருநீலம். ஆனால் தோலுறைக்குள் போய்ப் போய் வந்ததில் வாய்ப் பக்கமும் விளிம்புகளும் தேய்ந்து இரும்பு வெளுத்துத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் தொரை வராந்தாவில் உட்கார்ந்து எண்ணெய்த் துணியால் அதை மெல்லத் துடைப்பார். துடைப்பதைப் பார்த்திருக்கிறோமே தவிர, அந்தக் கருநீலம் என்ன, எதற்கு என்று எங்கள் வீட்டில் யாரும் யோசித்ததில்லை. என்னையும் சேர்த்துத்தான்.

தொரை ஊரில் இல்லாவிட்டாலும் பூஜை நிற்கக் கூடாது என்பது அப்பாவின் கட்சி. தொரையின் கார், டைப்ரைட்டர், அளவு நாடா, அம்மாவின் அரிவாள்மனை, என் இங்கிலீஷ் டிக்‌ஷனரி எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. அன்று பிஸ்டலையும் எடுத்திருக்கிறார். ஆயுத பூஜைக்கு வீட்டில் இருக்கும் ஒரே ஆயுதத்தை விடலாமா? எடுத்தவர் அப்படியே பொட்டு வைத்திருக்கலாம். அம்மா பார்த்திருக்கிறாள்: பாதி கறுப்பு, பாதி வெள்ளை. ஸ்டவ்வில் வைத்த பாத்திரம் போலக் கரி பிடித்துக் கிடக்கிறது, இதைச் சாமி முன்னால் எப்படி வைப்பது என்று புளியையும் சாம்பலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கை வலித்தபோது அப்பா வாங்கித் தேய்த்தார்.

நான் பூசணிக்காயோடு உள்ளே வந்தேன். வாழை இலை நடுவில் குங்குமப் பொட்டோடு பிஸ்டல் பளபளவென்று படுத்திருந்தது.

"பார்றா, வெள்ளிச் சொம்பாட்டம் கீது!" என்றார் அப்பா. "தொரை வந்து பார்த்தா அசந்துடுவாரு."

காருக்குச் சந்தனம் பூசிவிட்டு அப்போதுதான் உள்ளே வந்த மாமா குனிந்து பார்த்தார். அவருக்கு மைசூர் மைன்ஸில் பாறை துளைக்கும் உளிகளைக் காய்ச்சித் தீட்டும் பட்டறையில் வேலை. இரும்பின் நிறம் அவருக்குத் தெரியும். "ஒரே கரி, தேச்சி எடுத்துட்டோம்" என்றாள் அம்மா.

"கரியா? அது கரி இல்லம்மா. துரு ஏறாம இருக்க இரும்பு மேல ஏத்துன வர்ணம். அத்தப் போயி தேச்சிட்டீங்களே!"

"ஏன் மாமா, முதல்லயே சொல்லக் கூடாதா?"

"நான் காரு கழுவிக்கினு இருந்தேன். என்னெ யாரு கேட்டாங்க?"

அப்பா பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். பூஜை எப்படி முடிந்தது என்று எனக்கு ஞாபகமில்லை. அவருடைய பயம் எங்கள் எல்லோருக்கும் தெரிந்த பயம். இரண்டு பங்களா தள்ளி ஒரு பட்லர் கண்ணாடி விளக்கு ஒன்றை உடைத்ததற்காக, அன்று சாயங்காலமே சட்டி பானையோடு ரோட்டுக்கு வந்திருந்தார். அப்பாவின் வேலை போனால் வீடும் போகும். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து டைப்ரைட்டிங் பழகிக்கொண்டிருந்தேன். என் சம்பாத்தியம் என்று அப்போது சல்லிக்காசு கிடையாது.

பெங்களூரில் துப்பாக்கிக் கடைகள் உண்டு. ஆனால் லைசென்ஸ் இல்லாத நாங்கள் பிஸ்டலை மடியில் கட்டிக்கொண்டு ரயிலேறினால் பங்காருபேட்டை தாண்டுவதற்குள் போலீஸ் மடியை அவிழ்த்துவிடும்.

"அடுப்புல காய்ச்சி எண்ணெயில முக்கிட்டா கறுத்துடும். அரை மணி வேலை" என்றார் மாமா.

"உளிக்கு அது சரி. இதைக் காய்ச்சினா இரும்போட பதம் கெட்டுடும் மாமா."

"உனுக்கு யாரு சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. புத்தகத்தில் இருக்கும் என்று எனக்கு நம்பிக்கை. அந்த நாளில் எதுவும் புத்தகத்தில் இருக்கும் என்று நம்பினேன். எங்கள் வம்சத்தில் ரேஷன் கார்டைத் தலைகீழாகப் பிடிக்காத முதல் ஆள் நான். கொஞ்சம் திமிர்கூட இருந்திருக்கலாம். மூன்று நாள் வாசகசாலையில் டிக்‌ஷனரியோடு உட்கார்ந்து, ஒரு தடித்த பட்டறைப் புத்தகத்தில் கண்டுபிடித்தேன். முறை இதுதான். இரும்பில் ஒரு சொட்டு எண்ணெய்ப் பசைகூட இருக்கக் கூடாது. நீர்த்த திராவகத்தைத் தடவி, ஈரக் காற்றில் தொங்கவிட்டுத் துரு ஏற்ற வேண்டும். செந்துரு படிந்ததும் கொதிநீரில் போட்டால் அது கறுப்பாக மாறும். மேலே நிற்கும் பொடியை மெல்லிய இரும்பு நாரால் தேய்த்து எடுக்க வேண்டும். இதேபோல் ஆறேழு முறை.

வீட்டில் வந்து சொன்னேன். அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"துரு ஏறாம இருக்கத்தான வர்ணம்னாரு உங்க மாமா? இப்ப துருவ ஏத்தணும்ன்றே?"

"அந்தத் துருதாம்மா வர்ணமா மாறும்."

"இன்னா படிப்போ!" என்றாள்.

கடைத்தெருவில் நகை வேலை செய்யும் ஆசாரியிடம் திராவகம் வாங்கினேன். மாமா திருப்புளி கொண்டுவந்து பிஸ்டலைக் கழற்றி, மரப்பிடியைத் தனியே வைத்து, குழாயின் இரண்டு வாயையும் மரக்கட்டையால் அடைத்துக் கொடுத்தார். அந்த விஷயத்தில் அவர் கை சுத்தம். குளியலறையில் வெந்நீர் அண்டாவுக்கு மேலே கம்பி கட்டி, பாகங்களைத் தொங்கவிட்டேன். மழை நாள்; நல்ல ஈரம். காலையில் செந்துரு சமமாகப் படிந்திருக்கும் என்று புத்தகம் உறுதி சொல்லியிருந்தது.

காலையில் போய்ப் பார்த்தேன். எல்லாப் பாகமும் பளபளவென்று தேங்காய் எண்ணெய் வாசனையோடு தொங்கின.

"நைனா!"

"இன்னாடா?"

"யார் எண்ணெய் போட்டது?"

"நான்தான். விடிகாலையில மூஞ்சி கழுவப் போனா, எல்லாம் செவப்பா துரு ஏறிக் கீது. பார்த்துக்கினு சும்மா இருக்கச் சொல்றியா? நல்ல வேளை, நான் பார்த்தேன்."

அவருக்கு மீண்டும் விளக்கினேன். தலையை ஆட்டினார். ஊறிய எண்ணெயைப் போக்க சலவைச் சோடா போட்டுக் கொதிக்கவைத்து, மறுபடியும் திராவகம் தடவி, மறுபடியும் தொங்கவிட்டு ஒரு நாளைக் கரைத்தேன். இந்த முறை குளியலறைக் கதவில் நாதாங்கியைக் கயிற்றால் கட்டினேன். எல்லோரும் கொல்லையில் வாளி வைத்துக் குளித்தார்கள். மறுநாள் கயிறு அவிழ்ந்திருந்தது. அப்பா இந்த முறை முழுக்கத் துடைக்கவில்லையாம்.

"ஓரத்துல மட்டும் கொஞ்சம் தொட்டேன். ஓரத்துலதான் அதிகமா இருந்திச்சி."

அப்போது கத்தினேன். வாழ்க்கையில் முதல் முறையாக அப்பாவைப் பார்த்துக் கத்தினேன். "வேலை போவுதுன்னு நீங்கதான் அழறீங்க! காப்பாத்த ஒருத்தன் மன்றாடுறான், அதையும் நீங்களே கெடுக்கறீங்க! கையைக் கட்டிக்கினு ஒரு நாள் இருக்க முடியாதா?"

அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நின்றார். முப்பது வருஷம் வெள்ளிக் கரண்டியும் பித்தளைக் கைப்பிடியும் துடைத்த கை. கறை கண்டால் துடைப்பதற்குத்தான் அதற்குச் சம்பளம். அதைக் கட்டிப்போடச் சொல்கிறேன். கோபம் தணியவில்லை, ஆனால் வழி தெரிந்தது.

"நைனா, துருவைத் தேய்க்கிற வேலை உங்களுது. நான் சொல்ற நேரத்துல, நான் குடுக்குற நார்ல. எண்ணெய் கிட்டயே வரக் கூடாது."

அதற்குப் பிறகு வேலை நடந்தது. நான் தடவித் தொங்கவிடுவேன், அம்மா அடுப்பை ஊதிக் கொதிக்கவைப்பாள், அப்பா இரும்பு நாரால் தேய்ப்பார். அந்த நிதானம் எனக்கு வராது. ஒவ்வொரு முறையும் நிறம் ஏறியது: சாம்பல், பழுப்பு, கறுப்பு, கடைசியில் மழைமேகம் போல ஒரு கருநீலம். மாமா சாயங்கால ஷிப்ட் போகும் வழியில் எட்டிப் பார்ப்பார். "இன்னா மாப்ள, இன்னும் துரு வளக்குறீங்களா? அதுக்குள்ள நான் நானூறு உளி தீட்டிட்டேன்." ஆறாவது முறை முடிந்தபோது அவரும் வாயை மூடிக்கொண்டார்.

ஒரே ஒரு குறை. குழாயின் இடது பக்கம் கட்டைவிரல் அளவுக்கு ஓரிடம் வெளிறிப்போய் நிறமே பிடிக்கவில்லை. எண்ணெய்க் கையோடு அப்பா பிடித்த இடம். இன்னும் இரண்டு முறை முயன்றேன். விரல் போகவில்லை. தொரை வருவதற்கு ஒரு நாள்தான் பாக்கி. மாமா எல்லாவற்றையும் பூட்டிக் கொடுக்க, உறையில் போட்டுப் பீரோவில் வைத்தோம்.

"நைனா, நீங்களா எதுவும் சொல்லாதீங்க. அவர் கேட்டா, ஈரக் காத்துல கொஞ்சம் துரு தெரிஞ்சுது, துடைச்சேன்னு மட்டும் சொல்லுங்க. சரியா?"

"சரிடா."

"சத்தியமா?"

"அட, சரின்னு சொல்றேனே!"

மறுநாள் மத்தியானம் ஸ்டேஷனிலிருந்து ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. தொரை இறங்கினார். அப்பா ஓடிப்போய்ப் பெட்டியை வாங்கினார். நான் தூண் பக்கத்தில் நின்றிருந்தேன். பெட்டி இன்னும் தரையைத் தொடவில்லை.

"தொரை, ஒரு தப்பு நடந்துபோச்சி. உங்க துப்பாக்கிய ஆயுத பூஜைக்குப் புளி போட்டுத் தேச்சிட்டோம். வர்ணம் பூடிச்சி. அப்பறம் பையன் புக்கு பார்த்து ஏத்துனான். இடது பக்கம் என் விரல் கீது."

பதினான்கு நாள்! தொரை இன்னும் முகம்கூடக் கழுவவில்லை. அவராகப் பார்க்க ஒரு மாதமாகலாம், பார்க்காமலேயே போயிருக்கலாம். நான் தூணில் தலையை முட்டிக்கொள்ளாத குறை.

தொரை பிஸ்டலை எடுத்துவரச் சொன்னார். வராந்தா வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதலில் நம்பரைச் சரிபார்த்தார். அது வேறு பிஸ்டலோ என்று நினைத்திருக்க வேண்டும். வாய்ப் பக்கத்தில் வெளுப்பே இல்லை. அப்புறம் அந்த விரல் தடத்தின் மேல் தன் கட்டைவிரலை வைத்தார். "இது யார், நீயா?" என்று அப்பாவைக் கேட்டார்.

"நான்தான் தொரை."

"திராவகம் உள்ளே போயிருந்தா?"

அப்பா என்னைப் பார்த்தார். "கட்டை போட்டு அடைச்சிருந்தோம் சார்" என்றேன். தொரை உள்ளே போய் ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. அப்பா பெட்டியோடு அங்கேயே நின்றார். வெளியே வந்தவர், "சாவியை உன்கிட்ட விட்டுட்டுப் போனது என் தப்பு. அது சட்டத்துக்கும் தப்பு" என்று பீரோ சாவியை மட்டும் வளையத்திலிருந்து கழற்றிக்கொண்டார். "வேலையைப் பாரு. ஆனா செலவு உன் சம்பளத்திலதான்."

அடுத்த வாரம் அவரே பெங்களூருக்கு எடுத்துப் போனார். குழாயின் உள்ளே ஒன்றும் ஆகவில்லையாம். ஆனால் விரல் தடத்தை மட்டும் தனியாகச் சரிசெய்ய முடியாது என்று கடைக்காரர், நாங்கள் ஆறு முறை துருவேற்றி வளர்த்த கருநீலத்தை ஒரு தொட்டியில் முக்கிக் கழற்றிவிட்டு, வேறொரு தொட்டியில் முக்கிப் புதிதாக ஏற்றிக் கொடுத்துவிட்டாராம். இரண்டு மணி நேரத்தில். இதையும் தொரை வராந்தாவில் சொல்ல, அப்பா என்னிடம் வந்து சொன்னார். "நீ ஏத்துனதும் நல்லாத்தான் இருந்திச்சாம்டா. கடைக்காரரே கேட்டாராம், யாரு செஞ்சதுன்னு."

"அதுக்கு என்ன நைனா? நீங்க சொல்லாம இருந்திருந்தா..."

"எப்டிடா சொல்லாம இருக்கறது? அவரு துப்பாக்கி இல்லியா?"

கடைக்கூலி நாற்பத்தைந்து ரூபாய். மாதம் ஐந்தாக ஒன்பது மாதம் பிடித்தார்கள். வேலை போகவில்லை, வீடும் போகவில்லை. திராவகம், இரும்பு நார், சோடா, விறகு எல்லாவற்றையும் அதோடு கூட்டி என் டைப்ரைட்டிங் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தேன். அம்மா புளியையும் சேர்க்கச் சொன்னாள். சேர்க்கவில்லை. நாற்பத்தொன்பது ரூபாய் எழுபது பைசா.