சூளை மேல் காய்ந்த கிட்டார்

மகளுக்கு வாங்கிய கிட்டார் போன வாரம் அட்டைப் பெட்டியில் வந்து சேர்ந்தது. கூடவே விரல் நீளத்தில் ஒரு பச்சை ரப்பர் குழாய், அதற்குள் பஞ்சு. பெட்டியோடு வந்த குப்பை என்று நினைத்து அதைத் தூக்கிப் போடப் போனேன். மகள் பாய்ந்து பிடுங்கிக்கொண்டாள்.

"அப்பா, அது கிட்டாருக்குத் தண்ணி வைக்கிறது. நனைச்சு, பிழிஞ்சு, இந்த ஓட்டைக்குள்ள தொங்க விடணும். ஏசி ரூம்ல மரம் ரொம்பக் காஞ்சா கெட்டுப்போயிடுமாம்."

நான் எழுந்து பால்கனிக்குப் போனேன். திரும்பி வந்தேன். மறுபடியும் போனேன். மனசு சரியில்லை என்றால் எனக்குக் கால் நிற்காது. "என்ன, பல் வலியா?" என்று மனைவி கேட்டாள். ஆமாம் என்று சொல்லி வைத்தேன். விருத்தாசலத்தில் நாங்கள் ஒரு கிட்டாரைக் காயவைத்தே கெடுத்தோம் என்பதை எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? நாங்கள் என்று சொல்வதே ஒரு தந்திரம்தான். கெடுத்தது நான்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. மிஸ்டு கால் கொடுத்தே ஊர்ப்பட்ட விஷயத்தைப் பேசி முடித்த காலம். பியூஸ் கட்டை செய்யும் ஒரு பீங்கான் கம்பெனியில் வேலை. சூளையிலிருந்து இறங்கும் கட்டைகளை இரண்டிரண்டாக எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்க்க வேண்டும். கணீர் என்றால் நல்லது. சொத் என்றால் உள்ளே விரிசல், குப்பையில் வீச வேண்டியதுதான். நாள் முழுக்க இதே. வீட்டுக்குப் போனாலும் கை சும்மா இருக்காது. டம்ளர், கதவு, மாமா கொண்டுவந்த பூசணிக்காய் என்று எல்லாவற்றையும் தட்டிக் காது கொடுப்பேன். ஜங்ஷனில் ரயில் கூவினால் போதும், அதில் ஏறிப் போகாமல் இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். எங்கே போவது என்று மட்டும் தெரியாது.

சேவியர் அதே கம்பெனியில் தச்சன், என் வயசுதான். சரக்கு அனுப்ப மரப்பெட்டி அடிப்பது அவன் வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடகர் குழுவுக்கு கிட்டார் வாசிப்பான். அந்த கிட்டாரின் கழுத்து வளைந்துபோனதால், ஒரு மத்தியானம் அதைக் கம்பெனிக்கே கொண்டுவந்து முதுகுப் பலகையைக் கழற்றினான். இருவரும் உள்ளே எட்டிப் பார்த்தோம்.

"உள்ள ஒண்ணுமே இல்லடா மாப்ள. நாலு குச்சிதான் இருக்குது" என்றான்.

எங்களைக் கெடுத்தது இந்த ஒரு வாக்கியம்தான். நாலு குச்சியைக் குறுக்கே ஒட்டத் தெரியாதா நமக்கு? அடுத்த வாரமே பஸ் பிடித்துப் பாண்டிச்சேரி போய் ஓர் இசைக்கருவிக் கடைக்காரரிடம் பேசினோம். "செஞ்சு எடுத்துட்டு வாங்க, நல்லா இருந்துச்சுன்னா தொடர்ந்து குடுங்க, பாக்கலாம்" என்றார். அவர் எங்களை அனுப்பி வைப்பதற்காகச் சொன்னதாகவும் இருக்கலாம். திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே பட்டறைக்கு இடம் பார்த்து முடித்துவிட்டோம்.

சேவியருக்கு அதில் இன்னொரு கணக்கும் இருந்தது. அவன் சித்தப்பா மஸ்கட்டில் கட்டட வேலைக்கு விசா ஏற்பாடு செய்திருந்தார். கிறிஸ்துமஸ் முடிந்ததும் பதில் சொல்ல வேண்டும். அவனுக்குப் போக மனமில்லை. "காங்கிரீட்டுக்குப் பலகை அடிக்கவா நான் உளி புடிச்சேன்? கிறிஸ்துமஸ் பூசையில நாம செய்யுற கிட்டார் பாடிடுச்சுன்னா நான் போவல. பாடலன்னா போறேன்" என்றான்.

மேல்பலகைக்கு மரம் தானாகவே வந்து சேர்ந்தது. கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து வந்த இயந்திரத்தின் பெட்டி வெளுத்த பைன் மரம். உடலுக்குப் பண்ருட்டிப் பலா. கழுத்துக்கு ஒரு பழைய நிலைக்கதவின் தேக்கு. சேவியர் பலகைகளை இழைத்து, முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "ஒரு வருஷம் நெழல்ல கெடக்கணும்டா. மழ, வெய்யில் எல்லாத்தையும் பாத்துட்டு அதுவா அடங்கணும்."

ஒரு வருஷமா! எனக்கு ஒரு வாரம் காத்திருக்கவே பொறுமை கிடையாது. தவிர, நான் பீங்கான்காரன். களிமண்ணில் துளி ஈரம் மிச்சமிருந்தாலும் சூளையில் வெடிக்கும் என்பதைக் கண்கூடாகப் பார்த்தவன். ஈரம் என்றால் எதிரி. "சூளைக்கு மேல் பரண்ல மூணு வாரம் போட்டா சுக்கா காஞ்சிடும்டா" என்றேன்.

"மரத்துக்குக் கொஞ்சம் ஈரம் வேணும்டா. அது மண்ணு இல்ல" என்றான்.

"நீ பொட்டி அடிக்கிறவன். காய வைக்கிறத எனக்குச் சொல்லித் தராத."

சொன்னேன். இப்படியே சொன்னேன். அவன் சிரித்துவிட்டு விட்டுக்கொடுத்தான்.

பலகைகள் பரணில் காய்ந்தன. ஒட்டியதும் பூட்டியதும்கூட சூளைக்குப் பின்னாலிருந்த அறையில்தான். துணி போட்டால் கால் மணியில் மொடமொடவென்று ஆகிவிடும் அறை. பலாச் சட்டங்களை மட்டும் நனைத்து, சூடான புகைக் குழாயில் அழுத்தி கிட்டாரின் இடுப்பாக வளைத்தோம். பிறகு வந்தது சுருதி பார்க்கும் வேலை. மேல்பலகையை நான் விளிம்பில் பிடித்துக் காதோரம் வைத்து முட்டியால் தட்டுவேன். அவன் அடியிலுள்ள குச்சிகளை உளியால் ஒரு சீவு சீவுவான். மறுபடி தட்டுவேன்.

"போதுமா?"

"இன்னும் ஒரு சீவு. அந்தப் பக்கம்."

முதலில் பெட்டியைத் தட்டுவது போல மொட்டையாக இருந்த சத்தம் மெல்ல மெல்ல நீண்டது. அதிகம் சீவினால் பலகை கம்பியின் இழுப்பைத் தாங்காது. எங்கே நிறுத்துவது என்று என் காதுதான் சொல்ல வேண்டும். ஆயிரக்கணக்கான பியூஸ் கட்டைகளைத் தட்டியது இதற்குத்தானோ என்றெல்லாம் தோன்றியது. அந்த நாட்களில் ரயில் கூவியதே எனக்குக் கேட்கவில்லை.

கம்பிகளைக் கட்ட மேல்பலகையில் ஒட்டும் மரப் பாலத்தின் மேல், கம்பிகள் ஏறி உட்காரும் வெள்ளைக் கட்டையைப் பீங்கானிலேயே செய்தோம். ஊர்ப் பெருமை விடுமா? சூளையில் எவ்வளவு சுருங்கும் என்று கணக்குப் போட்டுப் பெரிதாக வார்த்தேன். வெந்து சரியான அளவுக்கு வந்தது. எஃகுக் கம்பி ஆறும் பூட்டி சேவியர் முதல் மீட்டு மீட்டியபோது, மண் குழைத்துக்கொண்டிருந்த கம்பெனி அக்கா ஒருவர் எழுந்து வந்து, "ரேடியோவா வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். மூன்று நாள் அந்த அறையில் அது பாடியது. நான்காம் நாள் சர்ச்சுக்குக் கொண்டுபோனோம். மழை பிடித்துக்கொண்டது.

மணிமுத்தாற்றில் தண்ணீர் ஓட ஓட கிட்டாரின் வயிறும் ஏறியது. கேலி இல்லை, மெய்யாகவே மேல்பலகை உப்பிக்கொண்டு வந்தது. கம்பிகள் கழுத்திலிருந்து விலகி மேலே போயின. ஒரு விரல் நடுவே நுழையும். குழுவில் வாசிக்கக் கற்றுக்கொண்டிருந்த பெண் அழுத்திப் பார்த்துவிட்டுக் கையை உதறினாள். "அண்ணே, அமுங்கவே மாட்டுதுங்க. விரல் அறுக்குது."

வெள்ளைக் கட்டையை ராவித் தாழ்த்தலாம் என்றான் சேவியர். எலும்புக் கட்டையாக இருந்தால் அரம் போட்டு ராவலாம். எங்களுடையது பீங்கான், அரம் வழுக்கியது. சாணைக்கல்லில் வைத்தேன். இரண்டாக உடைந்தது.

கிறிஸ்துமஸ் காலைப் பூசையில் கீபோர்டு வாசித்தார்கள். வெளியே வரும்போது சேவியர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தான். "ஒட்டுனதுல தப்பு பண்ணிட்டேன்டா. கை வரல எனக்கு."

உன் கை இல்லை, என் சூளை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சுக்காகக் காய்ந்த மரம் மழை ஈரத்தைக் குடித்துத்தான் உப்பியது என்ற சந்தேகம் இருந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. பிப்ரவரியில், மஸ்கட் விமானத்தைப் பிடிக்க, அவனை ரயிலேற்றிவிட்டேன். போக வேண்டும் என்று துடித்தவன் பிளாட்பாரத்தில் நின்றேன். போகப் பிடிக்காதவன் ஜன்னலோரம் உட்கார்ந்து, "போயிட்டு வரேன்டா" என்றான்.

கிட்டார் என் வீட்டு ஆணியில் தொங்கியது. மே மாதம், அக்னி வெயிலில் ஒரு பகல், தற்செயலாகப் பார்த்தேன். வயிறு வற்றி, பலகை பழைய நிலைக்கு இறங்கியிருந்தது. புதிதாக ஒரு கட்டை வார்த்து வைத்து, கம்பியை முறுக்கி, எனக்குத் தெரிந்த மூன்றே மூன்று பிடிகளைப் பிடித்தேன். வீடு முழுக்க நிறைந்தது. அன்று சூளை அறையில் கேட்டதைவிட நன்றாகவே இருந்தது. காய்ந்துபோய்ப் பிறந்தது, காய்ந்த காற்றில்தான் அதற்கு மூச்சு வரும். ஒட்டில் தப்பே இல்லை. அவன் கையில் தப்பே இல்லை.

அந்த மாதம் முழுக்க நான் ஒருவனே கேட்டேன். அடுத்த மழையில் பாலம், ஒட்டு விடாமல், பலகையின் நாரையும் உரித்துக்கொண்டு பிய்ந்து வந்தது. அதற்கப்புறம் கம்பெனி மாறினேன், ஊர் மாறினேன், ஆறு வேலை மாறினேன். கிட்டாரைப் பரணில் கரையான் தின்றது. சேவியர் விடுமுறையில் வந்தபோதெல்லாம் பார்த்தேன், பிரியாணி சாப்பிட்டோம். இதை மட்டும் சொல்லவில்லை.

பால்கனியிலிருந்து மஸ்கட்டுக்கு, அவனை அழைத்தேன். பச்சைக் குழாயைப் பற்றிச் சொன்னேன். பிறகு மே மாதத்தைப் பற்றியும்.

"அப்ப ஒட்டு நின்னுச்சா?"

"நின்னுச்சுடா."

"நான் இங்க வந்து உளியே தொடலடா. காங்கிரீட் பலகைதான்." குரலில் கோபம் இல்லை, இருந்திருக்கலாம் என்று நான் ஆசைப்பட்டேன். பிறகு கேட்டான்: "சத்தம் எப்படி இருந்துச்சு?"

நல்லா இருந்துச்சுடா என்றேன். எத்தனையோ ஆயிரம் கட்டைகளைத் தட்டிப் பார்த்த காது இது. எவ்வளவு யோசித்தும் அந்தச் சத்தம் மட்டும் எனக்கு ஞாபகத்துக்கு வரவில்லை.