ரோசாவின் புல்லுக்குச் சுண்ணாம்பு போடலாமா?

பால் ஊற்றுகிற தொழிலில் மாடு கறப்பதுகூடச் சுலபம். ஒவ்வொரு வாசலிலும் கிடைக்கிற யோசனைகளைச் சுமந்துகொண்டு வீடு திரும்புவதுதான் கஷ்டம். மாடு வைத்திருக்கிற சகோதரிகளுக்கு இதை நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை.

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக்குக் கிழக்கே, கடலைப் பார்த்த மாதிரி ஒரு துண்டு நிலம் இருக்கிறது. என் மாடு ரோசாவுக்கு அதில்தான் புல் வளர்க்கிறேன். போன வருஷம் அந்தப் புல் காமாலை வந்த பிள்ளை மாதிரி மஞ்சளாகிப் போனது. ரோசாவும் பாலைக் குறைத்துவிட்டாள். பக்கத்து மேட்டுப்பாளையம் கம்பெனியில் வேலை பார்க்கும் என் பெண் ஸ்டெல்லா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: "ம்மா, வைக்கோல் வாங்கியே ஓட்டாண்டி ஆயிடுவோம். மாதா திருவிழாவுக்குள்ள புல்லு பச்சை ஆவலன்னா ரோசாவ வித்துடலாம்."

நான் ஜெபமாலையைக் கையில் எடுத்தேன்.

சொல்தா ஐயாவின் வைத்தியம்

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு இப்போது பென்ஷன் வாங்கும் சொல்தா ஐயா, என் முதல் வாடிக்கை. புல் மஞ்சளான கதையைச் சொன்னதும் செம்பை அப்படியே கீழே வைத்தார். பிரான்ஸில் மழை ஜாஸ்தியாம். மழையில் மண் புளித்துப் போகுமாம். மாடு மேய்கிற நிலத்துக்கெல்லாம் வண்டி வைத்துச் சுண்ணாம்பு தூவுவார்களாம். பட்டாளத்தில் சண்டை போட்டாரா, மாடு மேய்த்தாரா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. காலை நேரத்தில் வேண்டாம் என்று அடக்கிக்கொண்டேன்.

"நம்ம ரோசாவும் நல்ல சாதிதான் ஐயா" என்று மட்டும் சொன்னேன்.

"அங்கத்த மாட்டுக்குப் பக்கத்துல நிறுத்தினா உன் ரோசா கன்னுக்குட்டிம்மா!" என்றார்.

அடையாளம்

எனக்கு எதிலும் மாதாவைக் கேட்காமல் இறங்கப் பயம். "தாயே, சுண்ணாம்பு போடணுமா, வேணாமா? ஒரு அடையாளம் காட்டு" என்று மன்றாடிவிட்டு வெளியே வந்தேன். ரோசா கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய், பக்கத்து வீட்டுப் பாக்கியத்தின் சுவரை நக்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் சுண்ணாம்பு அடித்த சுவர். நடுவில் உலகப் படம் மாதிரி ஒரு பெரிய இடம் காலி.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கைகூப்பி நின்றேன். இட்லி மாவு ஆட்டி விற்கிற பாக்கியம், மாவுக் கையோடு ஓடி வந்தாள்.

"யக்கா, உன் மாதா அடையாளம் காட்டறதுக்கு என் செவுருதான் கெடச்சுதா?"

மூட்டை வந்தது

ஆட்டோவில் சுண்ணாம்பு மூட்டை வந்து இறங்கியதைத் தெருவே பார்த்தது. பால்காரி வீட்டுக்குச் சுண்ணாம்பு மூட்டை எதற்கு? என்னைப் போல அப்பாவிகளுக்குத்தான் அந்தக் கேள்வி தோன்றாது. மறுநாள் ஒரு வீட்டில் பாலை மோந்து பார்த்தார்கள். இன்னொரு வீட்டில் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார்கள். "புல்லுக்கு வாங்கினதுங்க" என்று சொல்லச் சொல்ல, என் முகத்தையும் செம்பையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மாடி வீட்டு அம்மா செம்பை வெயிலில் பிடித்து ரொம்ப நேரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இன்னிக்குப் பாலு என்னா இவ்ளோ வெள்ளையா கீது?"

மண் பொங்கியது

சொல்தா ஐயாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது போல. வினேகர் பாட்டிலோடு நிலத்துக்கே வந்தார். மண்ணைச் சோதிக்காமல் போடக் கூடாது, வினேகர் ஊற்றிப் பார்ப்பார்கள் என்று எங்கேயோ கேட்டிருக்கிறாராம். ஊற்றினால் என்ன ஆகவேண்டும் என்பது மட்டும் மறந்துபோயிற்றாம்.

ஊற்றினார். மண் சுர்ரென்று நுரைத்துப் பொங்கியது. நாங்கள் இரண்டு பேரும் பின்னால் நகர்ந்தோம். வேடிக்கை பார்க்க வந்த பாக்கியம் நகரவில்லை. குனிந்து நுரையைப் பார்த்தாள், மோந்தாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள்.

"எத்தினி வருசமா மாவு ஆட்டறேன், எனக்குத் தெரியாதா? புளிச்சாதான் பொங்கும். கொட்டுக்கா மூட்டையை!"

மூட்டை பிரிக்கும் நேரத்தில்

சிலுவை போட்டுக்கொண்டு, கூடையில் சுண்ணாம்பை அள்ளி, முதல் பிடியை எடுத்துவிட்டேன். அப்போது ஸ்டெல்லா ஸ்கூட்டரில் வேளாண்மை ஆபீஸ் பெண் ஒருத்தியை உட்கார வைத்து அழைத்து வந்தாள். "மாவு ஆட்டறவங்க பேச்சைக் கேட்டு நெலத்துல கைய வைப்பியாம்மா?" என்று எனக்கு ஒரு திட்டு.

அந்தப் பெண் ஒரு பிடி மண்ணை அள்ளி விரலால் கிளறினாள். மண்ணில் பாதி கிளிஞ்சல் பொடி. கடலோர நிலமாயிற்றே! கிளிஞ்சலைச் சுட்டால் சுண்ணாம்பு என்பது எனக்கும் தெரியும். காலடியில் கிடந்ததைத்தான் யோசிக்கவில்லை. மண்ணில் சுண்ணாம்பு இருந்தால்தான் வினேகருக்கு அப்படிப் பொங்குமாம். அது அளவுக்கு மிஞ்சியதால் புல்லுக்கு இரும்புச்சத்து ஏறாமல் மஞ்சளாச்சாம். இந்த மூட்டையும் சேர்ந்திருந்தால் இருக்கிற புல்லும் போயிருக்குமாம். மக்கிய சாணி எரு போட்டு, இரும்புச்சத்துக்கு அன்னபேதி உப்பைக் கரைத்துத் தெளிக்கச் சொன்னாள். தெளித்த பிறகு கொஞ்ச நாள் ரோசாவுக்கு அறுத்துப் போடக் கூடாது என்றாள். அதுவரை சிரிப்பை அடக்கி வைத்திருந்தவளால் பிறகு முடியவில்லை.

"சுண்ணாம்பு மேலயே நின்னுக்கினு, சுண்ணாம்பு போடலாமான்னு கேக்கறீங்களேம்மா!"

தரகர் வந்த நாள்

மூட்டையை வாங்கிய கடையில் திருப்பி எடுக்கமாட்டோம் என்றுவிட்டார்கள். எருவும் அன்னபேதியும் மெதுவாக வேலை செய்தன. கீழே மஞ்சள் இருக்க, குருத்து மட்டும் பச்சையாக எட்டிப் பார்த்தது. திருவிழாக் கொடியும் ஏறிவிட்டது. ஸ்டெல்லா முன்பே சொல்லி வைத்திருந்த தவளக்குப்பம் மாட்டுத் தரகர் சரியாக அன்றைக்கு வந்து நின்றார். நான் சொல்லிக்கொண்டிருந்த "அருள் நிறைந்த மரியே" பாதியிலேயே நின்றுபோனது.

ஸ்டெல்லா நிலத்துக்குப் போய் அந்தக் குருத்துகளை ஒன்று விடாமல் பார்த்தாள். திரும்பி வந்தபோது, தரகர் பல் பார்க்க ரோசாவின் வாயில் கையை விட்டிருந்தார்.

"அண்ணே, கைய எடுத்துக்குங்க. மாட்ட விக்கறதா இல்ல, கடிச்சுதுன்னா நாங்க பொறுப்பில்ல!"

நிலத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் பட்டாளம் பதில் சொல்லும், மாவுக்கடை பதில் சொல்லும், மாடே சுவரை நக்கிப் பதில் சொல்லும். மண்ணை மட்டும் ஒருத்தரும் குனிந்து பார்க்கமாட்டோம்.