மெஹர் மூடவிடாத புகார்

மெஹருன்னிசா இறந்துவிட்டார் என்று பழவேற்காட்டிலிருந்து அவருடைய தம்பி தொலைபேசியில் சொன்னபோது நான் கும்மிடிப்பூண்டி ரயிலில் இருந்தேன். சிறுநீரகம் பழுதாகி நெடுநாள் படுக்கையில் இருந்தவர்தான். ஆனாலும் அடுத்த நிலையத்தில் இறங்க மறந்துவிட்டேன். அடக்கத்துக்கு வந்திருந்த பழைய அலுவலக நண்பர் ஒருவர், "யார்கூடவும் சண்டை போடாத பொண்ணு" என்றார். அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும், அது உண்மையில்லை. மெஹர் சண்டை போட்டார். அதை மறைத்து அவரை நல்லவராக்க நான் தயாரில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் வருடங்கள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு அருகே, இரும்புக்கடை மாடியில் எங்கள் சிறிய மென்பொருள் நிறுவனம். எஃகு ஆலைகளுக்கு, உலையின் சூடு எல்லை மீறினால் மணி அடிக்கும் மென்பொருள் செய்தோம். அதன் புதிய பதிப்பைக் குறுந்தகட்டில் எடுத்துப்போய் ஆலைகளில் நிறுவுவது என் வேலை. அந்த நிறுவும் நிரலைச் சோதிப்பது மெஹரின் வேலை.

அந்த நிரலுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. வேலை முடிந்ததும் யாரையும் கேட்காமல் கணினியை அணைத்து மறுபடி எழுப்பும். பாதியில் 'வேண்டாம்' என்று அழுத்தினாலும் அதையே செய்யும். எழுந்த கணினியில் மணி மென்பொருள் தானாக ஓடாது. யாராவது வந்து ஓடவிட வேண்டும். மெஹர் புகார் எழுதினார். மேலாளர் 'பிழை அல்ல' என்று குறித்து அதை மூடினார். மெஹர் திறந்தார். அவர் மூட, இவர் திறக்க, அலுவலகத்தில் அது சிரிப்பாகிப் போனது.

"ரீஸ்டார்ட் ஆனா இன்னாம்மா? எல்லா கம்ப்யூட்டரும்தான் ஆவுது" என்றார் மேலாளர்.

"நம்ம மேசையில ஆனா ஒண்ணுமில்ல சார். அங்க உலைகிட்ட ஆளுங்க நிக்கிறாங்க."

"பேஜாரு பண்ணாத. நாளைக்கு டெலிவரி."

மறுநாள் மேலாளரும் நானும் ஆலைக்குப் போனோம். மெஹரை வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார். ஷேர் ஆட்டோ பிடித்து மெஹரும் வந்து சேர்ந்தார். நான் தகட்டைக் கணினிக்குள் வைத்த நேரம், ஷிப்ட் பொறுப்பாளரிடம் நேராகப் போய் நின்றார்.

"அண்ணா, இந்த கம்ப்யூட்டர் இப்ப ஆஃப் ஆயி ஆன் ஆனா, மணி அடிக்குமா?"

"எப்படிம்மா அடிக்கும்? யாராச்சும் வந்து போடணும்."

"இந்த சிடிய போட்டா உங்கள கேக்காமயே அது ஆஃப் ஆவும். வேணாம்னு அமுத்துனாலும் ஆவும்."

பொறுப்பாளர் மேலாளரைப் பார்த்தார். பிறகு தகட்டை வெளியே எடுக்கச் சொல்லி, "எட்த்துக்கினு போங்க சார். சரி பண்ணிக்கினு வாங்க" என்றார்.

வாசலில் மேலாளர், "வெளி ஆளுங்க முன்னாடி கம்பெனி மானத்த வாங்கிட்ட. இனிமே வராத" என்றார். மெஹர் அழவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. "அந்தப் புகார மட்டும் மூடாதீங்க சார்" என்று சொல்லிவிட்டு, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு சாலைக்கு நடந்தார்.

நிரல் திருத்தப்பட்டது. 'இப்போது அணைக்கலாமா?' என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருந்தது. எழுந்ததும் மணியைத் தானே ஓடவிட்டது. ஆலை அதை ஏற்றுக்கொண்டது. அலுவலகத்தில் யாரும் மெஹர் பெயரைச் சொல்லவில்லை. அவர் மீஞ்சூரில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளி, பிறகு சென்னையில் வேறொரு நிறுவனத்தில் சேர்ந்தார். வருத்தமா என்று ஒருமுறை கேட்டேன். "வேல போச்சேன்னு வருத்தம்தான். சொன்னதுக்கு இல்ல" என்றார்.

'சமாதானமாக உறங்குங்கள்' என்று நான் எழுதப்போவதில்லை. அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது ஒன்றுதான்: எல்லோரும் தலையாட்டும் அறையில் 'இல்லை' என்று சொல்வது. போன வாரக் கூட்டத்திலும் சொன்னேன். தலைகள் ஆடிக்கொண்டேயிருந்தன. திரும்பவும் சொன்னேன்.