லெவல் ஒன் என்று சொன்ன பெண்ணுக்கு நான் கொடுத்த ஸ்கீ

நான் பனியைப் பார்த்தது ஃப்ரிட்ஜில்தான். ஆனாலும் பனிமலைக்குப் போகிற பெண்களுக்கு ஸ்கீ தேர்ந்தெடுத்துக் கொடுப்பது என் வேலை. இதைச் சொன்னால் கோலார் தங்கவயலில் (கே.ஜி.எஃப்.), எங்கள் நந்திதுர்க்கில் பாதிப் பேர் நம்புவதில்லை. மீதிப் பேர் சிரிப்பார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அப்படித்தான். அவர்களுக்காகவும், நாளைக்கு ஏதாவது ஒரு கடையில் நின்று வேலை பார்க்கப் போகிற மற்றப் பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன். நான் படித்தது பத்தாவது வரைக்கும்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கீ என்பது காலில் மாட்டிக்கொண்டு பனியில் சறுக்குகிற நீளப் பலகை. பெங்களூரில் மலையேற்றச் சாமான் விற்கிற கடை ஒன்றில் பல வருஷம் ஷூ, டென்ட் பக்கம் இருந்தேன். தினமும் விடியற்காலை ரயிலில் போய் ராத்திரி திரும்புகிற வேலை. காஷ்மீர், உத்தராகண்ட் என்று பனியில் சறுக்கப் போகிறவர்கள் கூடிப்போனதால் கடையில் ஸ்கீ செக்ஷன் திறந்தார்கள். என்னை அங்கே மாற்றினார்கள்.

1. பிங்க் கலர் இல்லை

முதல் நாள் மேனேஜர் ஒரு ஜோடி ஸ்கீயை என் கையில் வைத்தார். அவர் கன்னடக்காரர். என்னோடு தமிழில் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் கன்னடம் வரும்.

"ரத்னம், பொம்பளைங்க ஸ்கீன்னா ஆம்பள ஸ்கீக்கு பிங்க் கலர் அடிச்சது இல்ல. முதல்ல இத மண்டையில ஏத்திக்கோ."

பிறகு விளக்கினார். பெண்களுக்கு உடம்பு எடை குறைவு. அதனால் ஸ்கீ லேசாகவும், கொஞ்சம் வளைந்து கொடுக்கிறதாகவும் இருக்க வேண்டும். பூட்ஸைப் பிடித்துக்கொள்கிற பைண்டிங்கைச் சில மாடல்களில் ஒரு விரல் அளவு முன்னால் தள்ளி வைத்திருப்பார்கள். ஆல்-மவுண்டன் என்றால் தார் ரோட்டிலும் மண் ரோட்டிலும் ஓடுகிற பைக் மாதிரி. இறுகிய பனி, உதிர்ந்த பனி இரண்டுக்கும் ஒரே ஸ்கீ. புதுசாகக் கற்கிறவருக்கு ஸ்கீ, நிறுத்திவைத்தால் தாடையிலிருந்து மூக்கு உயரம் வரை வரலாம். கைதேர்ந்தவருக்குத் தலை உயரம். உள்ளே மெட்டல் ஷீட் வைத்தது அவர்களுக்குத்தான். அது வேகத்தில் ஆடாது. ஆனால் தெரியாதவர் காலில் மாட்டினால் அது அவரை இழுத்துக்கொண்டு போகும்.

"விழுந்தா பைண்டிங் பட்டுனு கழலணும். கழலலன்னா முட்டி திருகிடும். அதுக்குத்தான் எடை, வயசு, எவ்ளோ நல்லா ஓட்டுவாங்க, எல்லாம் கேட்டு எழுதறது."

எடை கேட்பதுதான் எனக்குச் சிக்கல். எங்கள் ஊரில் முன்பின் தெரியாத பெண்ணிடம் எடை கேட்டுப் பாருங்கள், வீட்டிலிருந்து ஆள் வருவார்கள். முதல் கஸ்டமர் பெரிய கம்பெனியில் வேலை பார்க்கிற ஒரு அம்மா. "மேடம், உங்க... அது எவ்ளோ?" என்றேன்.

"எது எவ்ளோ?"

"அதான் மேடம்... மெஷின்ல ஏறுனா வருமே."

அவர் சிரித்துவிட்டுச் சத்தமாகவே சொன்னார். கூச்சப்பட்டது நான்தான். போகப் போக அது பழகிவிட்டது. எடை கேட்கப் பழகியதும் எல்லாமே கேட்கத் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

2. நம்ம ஊருப் பொண்ணு

அந்த சீசனிலேயே ஒரு நாள் ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் வந்தார்கள். அம்மா விலைச்சீட்டைப் புரட்டிப் பார்த்து, "இன்னாடி இது, கட்டிலே வாங்கலாம் போலக்கீது" என்று கிசுகிசுத்தார். அந்த 'இன்னாடி' போதும் எனக்கு.

"கே.ஜி.எஃப்-ஆ?" என்றேன்.

"ஆண்டர்சன்பேட்டை. நீங்க?"

"நந்திதுர்க்."

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார் அம்மா. "இவ்ளோ பெரிய கடையில நம்ம ஆளு ஒருத்தர் கீறார். இனிமே இன்னா பயம்?"

பெண்ணின் பெயர் ஜெனிபர். ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். வருஷா வருஷம் ஒப்பந்தம் புதுப்பிக்கிற வேலை, எப்போது வேண்டுமானாலும் போகலாம். போன குளிர்காலத்தில் வடக்கே மலைக்குப் போய் ஒரு ஸ்கீ கோர்ஸ் முடித்திருந்தாள். இந்த வருஷம் அடுத்த கோர்ஸ். அதில் தேறினால் அங்கேயே சீசனுக்கு உதவிப் பயிற்சியாளர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். போன முறை வாடகைக்குக் கிடைத்தது ஆண்கள் ஓட்டித் தேய்ந்த பலகை. இந்த முறை பெண்களுக்கான ஸ்கீ சொந்தமாகக் கொண்டுவா என்று அங்கே ஸ்கீ மாஸ்டர் சொல்லியிருக்கிறார். பூட்ஸ் அவளிடம் இருந்தது.

உயரம் கேட்டேன், எடை கேட்டேன். எழுதினேன்.

"எந்த அளவுக்கு ஓட்டுவ மா?"

"லெவல் ஒன் முடிச்சிருக்கேன் அங்கிள்."

பிள்ளைகளே, இங்கேதான் நான் விழுந்தேன். எங்கள் அப்பா தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். லெவல் என்ற சொல் எங்கள் வீட்டுச் சோற்றோடு கலந்தது. சுரங்கத்தில் லெவலை மேலிருந்து கீழே எண்ணுவார்கள். ஒன்று என்றால் மேலே, காற்று வருகிற இடம். எண் கூடக் கூட ஆழம், வெக்கை. அப்பாவுக்கு மேல் லெவலில் வேலை மாறினால் அன்றைக்கு வீட்டில் கறி. அதனால் லெவல் ஒன் என்று அவள் சொன்னதும் என் காதில் விழுந்தது உச்சி என்றுதான். அதுவரை வந்தவர்கள் பிகினர், எக்ஸ்பர்ட் என்று வார்த்தையில் சொன்னார்களே தவிர எண் சொன்னதில்லை.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நம்ம ஊருப் பெண், உச்சி லெவல்! எக்ஸ்பர்ட் என்ற கட்டத்தில் டிக் போட்டேன். இருப்பதிலேயே நல்லதாக, மெட்டல் ஷீட் வைத்த, அவள் தலை உயரம் வருகிற ஜோடியை இறக்கினேன்.

"கொஞ்சம் நீளமா இல்ல அங்கிள்?"

"உனக்கு இதுதான் மா சரி."

அவள் முனையைப் பிடித்து வளைத்துப் பார்த்தாள். வளையவில்லை. "ரொம்ப கெட்டியா கீதே. போன வருஷம் போட்டது இப்டி இல்ல."

"அது வாடகை சாமான் மா. இது உன்னுது. நம்மாளுங்க எப்பவும் நம்மள கம்மியாவே நெனச்சிக்குவோம். கூச்சப்படாத."

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா என்னைப் பார்த்தார். "அண்ணன் சொல்றார்ல" என்றார். பைண்டிங் செட் செய்கிற மெக்கானிக் நான் எழுதியதைப் பார்த்து எக்ஸ்பர்ட்டுக்குத் தகுந்தபடி இறுக்கிக் கொடுத்தார்.

3. சைனைட் மேட்டில்

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து ஜெனிபர் போன் செய்தாள். புது ஸ்கீயின் நீளம் பழகவேண்டும், சைனைட் மேட்டில் ஓட்டிப் பார்க்கப் போகிறேன், வருகிறீர்களா என்றாள். சயனைடு கலந்து தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டிய மண் எங்கள் ஊரில் மலை மலையாக நிற்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் வெளுப்பாக, பனி மாதிரியேதான் இருக்கும். நான் விற்ற ஸ்கீ ஓடி நான் பார்த்ததே இல்லை. ஆசையாகப் போனேன்.

அவள் துப்பட்டாவை மூக்குக்கு மேல் கட்டிக்கொண்டு சரிவில் நின்றாள். கீழே அம்மா. பைக்கில் வந்து ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருந்த நாலைந்து பையன்கள் கேமராவை அவள் பக்கம் திருப்பினார்கள்.

"அக்கா, இன்னா படம்? ஹீரோ எங்க?"

"ஹீரோ மேல கீறார்ரா, சறுக்கி வந்துகினே கீறார்!"

அவள் கிளம்பினாள். மண்ணில் மெதுவாகத்தான் போனது. பாதியில் திருப்பப் பார்த்தாள். பலகை திரும்பவில்லை. அது நேராக இழுத்தது, இவள் பக்கவாட்டில் விழுந்தாள். பட்டென்று கழல வேண்டிய பைண்டிங் கழலவில்லை. கால் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். நான் ஓடிப் போய்க் கையால் அழுத்திக் கழற்றினேன். முட்டியைப் பிடித்துக்கொண்டாள். நல்லவேளை, மண் என்பதால் வேகமில்லை, நடக்க முடிந்தது.

மறுபடி ஏறினாள். மறுபடி அதேதான். மூன்றாவது முறை விழுந்ததும் எழுந்திருக்கவில்லை. பையன்கள் "ஒன்ஸ் மோர்" என்று கத்தினார்கள்.

"எனக்கு வராது அங்கிள்" என்றாள். கண்ணில் தண்ணீர், நெற்றியெல்லாம் மண். "போன வருஷம் ஏதோ அதிர்ஷ்டத்துல வந்துச்சு. நல்ல ஸ்கீ போட்டாதான் தெரியுது என் லட்சணம். மாஸ்டருக்கு போன் போட்டு வரலன்னு சொல்லிடறேன்."

அம்மா மூச்சிரைக்க ஏறி வந்தார். "நீங்களே சொல்லுங்கண்ணா. இவ்ளோ உசத்தி சாமான் வாங்கியும் வரலன்னா, வேணாம்னு கர்த்தர் காட்டறார்னுதானே அர்த்தம்? பொம்பளப் புள்ளைக்கு கால் போயிடுச்சின்னா யார் பாக்கறது?"

நான் ஆறுதலாகத்தான் சொன்னேன்: "இன்னா மா நீ, லெவல் ஒன் ஆளு, இப்டி பேசலாமா?"

"லெவல் ஒன்னுல இன்னா பெருமை அங்கிள்? எல்.கே.ஜி. அது. விழாம நிக்கக் கத்துக்குடுப்பாங்க. லெவல் ரெண்டு போனாத்தான் ஓட்டவே ஆரம்பிக்கறது."

அவர்கள் கீழிருந்து மேலே எண்ணுகிறார்கள், நான் மேலிருந்து கீழே எண்ணியிருக்கிறேன் என்பது அந்த நொடியில் புரிந்துவிட்டது.

மறைக்காமல் எழுதுகிறேன். வாயைத் திறக்காமல் சும்மா இருந்துவிடலாமா என்று தோன்றியது. அம்மாவே கடவுள் பேரைச் சொல்லிவிட்டார். ஆமாம் மா, வேண்டாம் என்று தலையாட்டியிருந்தால் போதும். அவள் போகமாட்டாள், என் தப்பு யாருக்கும் தெரியாது. அப்படியே அவளைப் பார்த்தேன். மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தன்னால் முடியாது என்பதை முழுசாக நம்பிவிட்ட முகம்.

"கர்த்தர் ஒண்ணும் காட்டல மா" என்றேன். "தப்பு என்னுது. இந்த ஸ்கீ உனக்கு இல்ல. எக்ஸ்பர்ட் போடறது. லெவல் ஒன்னுனா உச்சின்னு நெனச்சிட்டேன்."

அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. அவர் அப்பாவும் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். "அட, சுரங்க ஷாப்ட்டுல எண்ணற மாதிரி எண்ணிட்டீங்களா!" என்று சிரிக்க ஆரம்பித்தவர், மகள் முட்டியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஜெனிபர் சிரிக்கவில்லை. "பரவால்ல அங்கிள். நான் தெளிவா சொல்லியிருக்கணும்" என்றாள்.

அதுதான் என்னை அடித்துப் போட்டது. அப்போதும் அவள் தப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீ தெளிவாத்தான் சொன்ன. நீளம்னும் சொன்ன, கெட்டின்னும் சொன்ன. நான்தான் உன் வாய அடைச்சேன்."

4. மேனேஜர் முன்னால்

திங்கட்கிழமை ஸ்கீயை ரயிலில் தூக்கிக்கொண்டு போனேன். மேனேஜர் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். மண் உரசி வரி வரியாகக் கீறல். கன்னடம் வந்துவிட்டது.

"ஏன்ரீ இது! என்னய்யா இது, ஸ்கீயா, இல்ல தேங்கா துருவியா?"

எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும், "முட்டி போயிருந்தா நாம ரெண்டு பேரும் என்ன பண்ணியிருப்போம், ரத்னம்?" என்று மட்டும் கேட்டார். அந்த ஜோடியைச் சுவரில் மாட்டி வைக்கிற டிஸ்ப்ளே ஆக்கினார். அவளுக்கு வேறு ஜோடி மாற்றிக் கொடுக்கச் சொன்னார். பிறகு, "இத நீயே எல்லார் முன்னாடியும் சொல்லணும்" என்றார்.

சொன்னேன். என்னைவிடச் சின்னப் பையன்கள், பெண்கள், எல்லோரும் நின்று கேட்டார்கள். சுரங்கத்தின் கதையைச் சொல்லும்போது ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டான். அன்றிலிருந்து கடையில் எனக்கு லெவல் ஒன் என்று பேர். "லெவல் ஒன் அண்ணா, டீ வந்துருச்சு" என்று கூப்பிடுவார்கள். நானும் திரும்பிப் பார்ப்பேன்.

முட்டி சரியானதும் ஜெனிபர் வந்தாள், இந்த முறை தனியாக. நான் லெவல் கேட்கவில்லை. "எப்படிப்பட்ட சரிவுல போற? எந்த இடத்துல பயம் வரும்?" என்று கேட்டேன். இறுகின பனியில் இடது பக்கம் திருப்பும்போது என்றாள். மெட்டல் இல்லாதது, மூக்கு உயரம், அகலம் நடுத்தரம், முனை நன்றாக வளைந்து கொடுக்கிறது எடுத்தேன். ஆனால் அவள் கையில் கொடுக்கவில்லை. இன்னும் இரண்டு ஜோடியையும் பக்கத்தில் வைத்து, "நீயே வளைச்சிப் பாரு, நீயே சொல்லு" என்றேன். அவள் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். நான் எடுத்ததை விட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் குட்டையானதைத் தேர்ந்தெடுத்தாள். பைண்டிங் செட் செய்யும்போது மெக்கானிக் பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றையும் கேட்டாள்.

கோர்ஸ் முடிந்து வந்தவளை ஒரு நாள் பங்காரப்பேட்டை பிளாட்பாரத்தில் பார்த்தேன். எனக்குக் கேட்கவே பயமாக இருந்தது. அவளே சொன்னாள்.

"ஒரு டெஸ்ட்டு போச்சு அங்கிள். செங்குத்துல திருப்பறது."

"ஸ்கீ ஏதாவது..."

"ஐயோ, ஸ்கீ மேல பழி போடாதீங்க. ஸ்கீ நல்லாத்தான் திரும்புச்சு. நான்தான் பயந்து பின்னால சாஞ்சிட்டேன். இது என்னுது. அடுத்த வருஷம் போயி பாஸ் பண்ணிடுவேன்."

இது என்னுது என்று அவள் சொன்னதில் அழுகை இல்லை. எது தன்னுடையது, எது பலகையுடையது என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்க வந்திருந்தது. மேட்டில் உட்கார்ந்திருந்த அன்றைக்கு அவளுக்கு அது வராமல் செய்தவன் நான். ரயில் வந்தது. அவள் பெண்கள் பெட்டியில் ஏறிக்கொண்டாள்.

எந்த வேலைக்குப் போனாலும் பிள்ளைகளே, எனக்கு வராது என்று ஒருவர் சொன்னால், அவர் கையிலோ காலிலோ நீங்கள் எதை மாட்டிவிட்டீர்கள் என்று முதலில் குனிந்து பாருங்கள்.