கிளிப் படமும் பதினொரு பேரும்

சென்னையில் மூன்று தலைமுறையாக வணிக முத்திரை வழக்குகளை மட்டுமே நடத்திவந்த வக்கீல் கம்பெனியின் குமாஸ்தா அவர். என் மூக்குப்பொடி டப்பாவின் பச்சைக்கிளிப் படத்தை வேறொரு கடைக்காரர் காப்பியடித்ததால், சாட்சியம் சேகரிக்க மன்னார்குடிக்கு வந்திருந்தார். ஒல்லியான உடம்பு, கறுப்புக் கோட்டு, கக்கத்தில் தடித்த நோட்டு. யார் என்ன சொன்னாலும் அதில் எழுதுவார், எழுதியதை அடிக்கமாட்டார். கம்பெனியைத் தொடங்கியவர் வைத்த வழக்கமாம்.

பழைய டப்பா ஒன்றைத் தேடி இருவரும் பக்கத்துக் கிராமத்துக்கு நடந்தோம். பண்ணையார்கள் குத்தகைக்காரர்களை நிலத்தைவிட்டு விரட்டிக்கொண்டிருந்த காலம். கோட்டையும் நோட்டையும் கண்டதும், அறுத்துக்கொண்டிருந்தவர்கள் அரிவாளோடு வரப்பேறி மறித்தார்கள். பயத்திலும் எண்ணினேன்: பதினொரு பேர்.

"எந்தப் பண்ணைக்காக எழுத வந்தீங்க, வக்கீல் சார்?" என்றார் முன்னால் நின்ற பெரியவர்.

"நிலத்துக்கு இல்லீங்க. பொடி டப்பாவுக்கு." குமாஸ்தாவின் குரல் நடுங்கியது.

"பொடிக்கா இந்தக் கோட்டு?" யாரோ சிரித்தார். அரிவாள்கள் இறங்கவில்லை.

"கிளிப் படத்த முதல்ல யாரு போட்டாங்கன்னு விசாரிக்கிறேங்க. பத்திரம் இல்லாட்டியும் முதல்ல போட்டவருக்குத்தான் உரிமை."

"அப்ப எழுதிக்குங்க. இந்த வயல முதல்ல உழுதது எங்க பாட்டன். எங்ககிட்டயும் பத்திரம் இல்ல."

அரிவாள்களுக்கு நடுவே நின்றபடியே பதினொரு பேர் சொன்னதையும் எழுதினார். அதன்பிறகே வழிவிட்டார்கள்.

வழக்கில் கிளி எனக்கே கிடைத்தது. கம்பெனி அனுப்பிய சாட்சியப் பட்டியலின் நகலில், என் டப்பாக்களுக்கு நடுவே அந்தப் பதினொரு பேரும் அடிக்கப்படாமல் இருந்தார்கள். பயந்து எழுதியதை, பத்திரமாகச் சென்னை போய்ச் சேர்ந்த பிறகும் அவர் ஏன் விட்டுவிடவில்லை என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.