கடலுக்குப் போனவர் மகள்

பள்ளியிலிருந்து போன் வந்தபோது திருவொற்றியூரில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி மூன்று வாரமாக வாயே திறக்கவில்லை என்றார் டீச்சர். பள்ளி, ஆஸ்பத்திரி, வீடு என்று அலைந்து, மனம் உடைந்த பிள்ளைகளுக்கு வைத்தியம் கிடைக்க வழிசெய்வதுதான் என் வேலை. எங்களுடையது சின்ன தொண்டு நிறுவனம். இருப்பது ஒரே ஒரு ஆலோசகர்.

காசிமேட்டில் மூன்றாவது மாடியில் அவர்கள் வீடு. அம்மா மீன் விற்பவள், முப்பது வயதுகூட இருக்காது. கழுத்தில் தாலி, நெற்றியில் பெரிய குங்குமம். கணவன் விசைப்படகில் போய் எட்டு மாதமாகியிருந்தது. அவன் தவறிக் கடலில் விழுந்ததைக் கூடப்போனவர்கள் பார்த்திருந்தார்கள். உடல் கிடைக்கவில்லை.

“நல்லா நீஞ்சும் மேடம் அந்தாளு. ஆந்திரா பக்கம் எங்கியாச்சும் கரை ஏறியிருக்கும். வந்துடும்,” என்றாள். “எம் பொண்ணுக்கு ஒண்ணுமில்ல. வூட்ல நல்லாத்தான் கீறா.”

நான் அங்கே இருந்த இரண்டு மணி நேரமும் அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை.

காரணத்தைப் பிறகு டீச்சர்தான் விசாரித்துச் சொன்னார். வகுப்பில் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். தந்தை இருக்கிறாரா, இறந்துவிட்டாரா என்று டிக் போட வேண்டும். பீரியட் முழுக்கப் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்துவிட்டு, வெறும் தாளாகக் கொடுத்திருக்கிறாள். அன்றோடு பேச்சு நின்றது. அப்பா வருவார் என்றால் ஊர் சிரிக்கும். வரமாட்டார் என்றால் அம்மா தாங்கமாட்டாள். பிள்ளை வாயை மூடிக்கொண்டது.

இதெல்லாம் தெரிந்த பிறகும் நான் செய்த காரியம் இன்றும் உறுத்துகிறது. அம்மாவைக் கெஞ்சி, ஒருநாள் வியாபாரத்தை விடச்சொல்லி, இருவரையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். சீட்டு போடும் வரிசையில் நெரிசல். தந்தை என்ற இடத்தில் ‘இறந்துவிட்டார்’ என்று நானே அவசரமாக எழுதி நீட்டினேன். கவுண்டரில் இருந்தவர் அதைச் சத்தமாக வாசித்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

அம்மா என் பக்கம் திரும்பினாள். “நீ பாத்தியா மேடம்? பொணத்த நீ பாத்தியா?”

பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதன்பின் விடிகாலையில் துறைமுகத்துக்குப் போக ஆரம்பித்தேன். ஏலத்தில் எடுத்த மீனோடு அவள் உட்காரும் இடத்தில் நானும் உட்காருவேன். நாலு நாள் முகம் கொடுக்கவில்லை. ஐந்தாம் நாள் சங்கரா மீனின் செதிலைத் தேய்த்துக்கொண்டே பேசினாள்.

“நா ஒத்துகினேன்னு வையி, அந்தாளு நெஜமாவே போயிடும்க்கா. நாந்தான் வுடாம புடிச்சிகினு கீறேன்.”

மன்னிப்புக் கேட்டேன். ஆஸ்பத்திரி வேண்டாம், ஆலோசகரை வீட்டுக்கே கூட்டி வரட்டுமா என்றேன். சரியென்று தலையை அசைத்தாள்.

ஏழு சனிக்கிழமை ஆலோசகர் போனார். பெண் படம் வரைந்தாள், களிமண் பிசைந்தாள், பேசவில்லை. எட்டாவது வாரம் நானும் போயிருந்தேன். அம்மா கணவனின் சட்டைகளைத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். வாராவாரம் அப்படித்தானாம். பெண் எழுந்து போய் ஈரச் சட்டையை அவள் கையிலிருந்து வாங்கினாள்.

“தோய்க்காதம்மா. அப்பா வராதும்மா.”

மாதக்கணக்கில் பேசாத தொண்டை கரகரத்தது. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுத அழுகையில் கீழ்வீட்டுப் பெண்கள் ஓடிவந்தார்கள். மகள் அவள் தலையை மடியில் சாய்த்து, “அழாதம்மா, நா கீறேன்ல,” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பதினொரு வயது.

பெண் பள்ளியில் பேச ஆரம்பித்தாள். அம்மா வியாபாரத்துக்குப் போவதை நிறுத்தினாள். வெறும் நெற்றியோடு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பதாக ஆலோசகர் சொன்னார். அவளுக்காக டாக்டரிடம் நேரம் வாங்கிக்கொண்டு போனேன். கதவைத் திறக்காமலே பேசினாள்.

“எம் பொண்ண பேச வெச்ச, நல்லாரு. ஆனா ஒன்ன பாத்தா அவ சட்டைய வாங்கின அந்த நாளுதான் ஞாபகம் வருது. இனிமே வராதக்கா.”

வேறோர் ஊழியரை அனுப்பினேன். அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறாளாம், மாத்திரை சாப்பிடுகிறாளாம். மகள் காலையில் சோறு வடித்து, அம்மாவைச் சாப்பிட வைத்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருகிறாள் என்று டீச்சர் சொன்னார். அந்தப் பக்கம் நான் போவதில்லை.