அண்ணா வென்ற பிறகு வந்த அழைப்பு

என் அண்ணா அமெரிக்காவில் லோயர். பிறகு ஒரு மாநிலத்தின் சட்டசபை உறுப்பினர். அகதியாகப் போன முதல் குளிர்காலத்தில் வீட்டுக்காரன் ஹீட்டரை நிறுத்திவிட்டானாம். அந்தக் கோபத்தில்தான் சட்டம் படித்தான், வாடகை வீட்டுச் சனங்களுக்காக வழக்குப் பேசினான், கடைசியில் சட்டசபைக்குப் போய் குளிரில் எவனும் ஹீட்டரை நிறுத்தக்கூடாது என்று சட்டமே கொண்டுவந்தான். எனக்கும் அதே கோபம்தான். அதை வைத்து நான் ஒன்றும் கிழிக்கவில்லை. பூமியின் மறுபக்கத்தில், விரி என்கிற ஊரில் ஒரு கிடங்கிலிருந்து லொறிகளை அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணாவின் ஊரில் தேர்தல் வந்தால் வேட்பாளரின் குரலைப் பதிவு செய்து வீடு வீடாக மெஷினே ஃபோன் அழைப்பு எடுக்கும். அந்தப் பட்டியலில் அண்ணா, விரிக்குப் பக்கத்து ஊரான தகனினியில் இருக்கும் என் வீட்டு நம்பரையும் போட்டுவைத்தான். அம்மா என்னோடு இருந்தார். எங்களுக்கு மத்தியானம், அவனுக்கு முதல்நாள் பின்னேரம். குரல் இங்கிலிஷில் ஆதரவு கேட்கும். தருவதென்றால் ஒன்றாம் நம்பரை அமத்தச் சொல்லும். அம்மா ஸ்பீக்கரில் போட்டு, "ஓம் ராசா, சாப்பிட்டியோ?" என்று நடுநடுவே கேட்டு, ஒன்றை அமத்துவார்.

"அம்மா, உங்களுக்கு அங்க வோட் இல்லை."

"பெத்தவளுக்கு இல்லாத வோட் வேற ஆருக்கடி?"

கொஞ்ச நேரத்தில் அண்ணாவே நேரே அழைப்பு எடுப்பான். "எப்பிடி இருந்ததம்மா?" ஒருமுறையும் தவறவிட்டதில்லை.

போன தேர்தலுக்குக் கிட்டத்தில் அண்ணா தன் ஒஃபிசில் விழுந்து, அந்த இடத்திலேயே செத்துப்போனான். வாக்குச் சீட்டு அடித்து முடிந்துவிட்டது, இனிப் பெயரை எடுக்க முடியாதாம் என்று அண்ணி அழுதுகொண்டு சொன்னா. அம்மாவுக்கு நெஞ்சு ஒபரேஷன் முடிந்து கொஞ்ச நாள்தான். அதிர்ச்சியான செய்தி ஒன்றும் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அண்ணாவோடு அம்மாவையும் பறிகொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. மறைத்தேன்.

அண்ணாவை எரிக்கிற செத்தவீட்டை விரி கிடங்குக் கார் பார்க்கில் காருக்குள் இருந்து ஃபோனில் பார்த்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் சாமி அறை இருட்டாக இருந்தது. சாவு விழுந்தால் துடக்கு, விளக்கு ஏற்றக்கூடாது. ஏற்றாமல் விட்டால் அம்மா கேட்பார். கடவுளே, மன்னித்துக்கொள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றினேன்.

அடுத்த நாள் நல்ல வெயில். நான் லீவில் நின்றேன். ஃபோன் அடித்தது. அம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

அண்ணா.

எரித்துச் சாம்பலான மனிசன் என் குசினி மேசையில் நின்று சிரித்துச் சிரித்துக் கதைக்கிறான். அம்மா ஒன்றை அமத்திவிட்டு, ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அவன் திரும்ப எடுக்கவில்லை.

"இண்டைக்கு வேலை போல," என்றேன்.

அண்ணியை ஃபோனில் பிடித்துக் கத்தினேன். நிறுத்தச் சொல்லியாயிற்று என்றா. எந்தப் பேயன் நிறுத்தினானோ, இரண்டு நாளில் திரும்பவும் வந்தது. பிறகும் வந்தது. அம்மா இப்போதெல்லாம் "சாப்பிட்டியோ" என்று கேட்பதில்லை. பேசாமல் கேட்டுவிட்டு ஒன்றை மட்டும் அமத்துவார். முழங்கால் நோகிறது என்று சாமி அறைப் பக்கமும் வருவதில்லை. விளக்கேற்றும்போது என் முகத்தைக் காணமாட்டார், நல்லதாய்ப் போச்சு என்று நினைத்தேன்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் ஃபோன் வயரைப் பிடுங்கப் போனேன்.

"கழட்டாதை," என்றார் அம்மா. "அவன் இன்னும் கேட்டு முடியேல்லை."

அதற்குப் பிறகு அந்த வயரைத் தொடவேயில்லை.

அண்ணா வென்றான். செத்த மனிசனுக்குச் சனம் வோட் போட்டிருக்குது. அண்ணி சிரிக்கிறாவா அழுகிறாவா என்றே தெரியவில்லை. தேர்தல் முடிந்தது, இனி ஃபோன் வராது என்று நிம்மதியாக மூச்சுவிட்டேன்.

அடுத்த மத்தியானம் அடித்தது.

இது வேறு பேச்சு. எந்த வழக்குக்கும் இரண்டு பக்கமும் எழுதிவைக்கிற ஆள் அவன். வென்றால் ஒன்று, தோற்றால் ஒன்று என்று முன்கூட்டியே பேசிவைத்திருக்கிறான். வென்றுவிட்டோம், நன்றி, கெதியில் சந்திப்போம் என்றது குரல். எதையும் அமத்தச் சொல்லவில்லை. கோப்பை கழுவின ஈரக் கையோடு நான் அப்படியே நின்றேன்.

"என்னவாம்?" என்று கேட்டார் அம்மா.

"வெண்டிட்டானாம்."

அம்மா ஃபோனை மெல்ல வைத்தார். "அப்ப இனி அழலாம்," என்றார். "கேட்டுக்கொண்டு நிக்கிற பிள்ளைக்கு முன்னால எப்பிடியடி அழுறது?"

நான் கையைத் துடைக்காமலே அம்மாவுக்குப் பக்கத்தில் குந்தினேன்.

"அவன் திரும்ப எடுக்காத அண்டைக்கே எனக்குத் தெரியும். அண்டையில இருந்து துடக்கெண்டு நான் சாமி அறைக்குப் போகேல்லையே. என்ர முழங்காலுக்கு ஒரு நோவும் இல்லை. நீதான் துடக்கோட விளக்கைக் கொளுத்திக்கொண்டு திரிஞ்சாய், விசரி." அம்மாவின் கை என் ஈரக் கையைப் பிடித்தது. "போய் அந்த விளக்கை நூத்துப்போட்டு வா. ரெண்டு பேருமாய் அழுவம்."